கொட்டையைப் பிடித்த பஞ்சு



பருத்தி எடுப்புக் காலத்தில் வெடித்த சுளை ஒன்றைக் கையில் எடுத்து, கொட்டையிலிருந்து பஞ்சை விரலால் பிரித்துப் பாருங்கள். லேசில் வராது. நகம் வைத்துச் சுரண்ட வேண்டியிருக்கும். கையாலேயே பிரித்தால் ஒரு ராத்தல் பஞ்சுக்கு, அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவான பஞ்சுக்கு, ஓர் ஆளின் ஒரு நாள் பொழுது போய்விடும். "இதிலே என்னய்யா சரித்திரம் இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொட்டை பஞ்சை விடாமல் பிடித்த அந்தப் பிடி தளர்ந்த நாளிலிருந்துதான், கரிசல் காட்டில் விளையும் பருத்திக்குக் கடலுக்கு அப்பால் விலை வைக்கிற வழக்கம் பலப்பட்டது. அந்தக் கதையைத்தான் இன்று பேசப்போகிறேன்.

பருத்தி நமக்குப் புதுசு இல்லை. மொகஞ்சதாரோவில் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய பருத்தித் துணித் துண்டு கிடைத்திருக்கிறது. அதற்குப் பின் எத்தனையோ நூற்றாண்டுகள் நம் நாட்டிலிருந்து கப்பல் ஏறியது பெரும்பாலும் துணிதான், பஞ்சு அல்ல. விளைவிப்பவன், நூற்பவள், நெய்பவன், சாயம் போடுபவன் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். இந்தியச் சீட்டித் துணி இங்கிலாந்தில் அப்படி விற்றது. அங்கே கம்பளி நெய்தவர்கள் கூச்சல் போட்டு, 1721-ல் பருத்திச் சீட்டியை உடுத்தவே கூடாது என்று சட்டம் வாங்கினார்கள்.

பிறகு அவர்களே யந்திரம் கண்டுபிடித்தார்கள். ஹார்கிரீவ்ஸ் ஒரே சக்கரத்தில் பல கதிர்களைச் சுற்ற வைத்தார். ஆர்க்ரைட் 1769-ல் தண்ணீரால் ஓடும் நூற்பு யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1779-ல் கிராம்ப்டன் இரண்டையும் சேர்த்து மெல்லிய நூல் வரும்படி செய்தார். லங்காஷயர் வட்டாரம் முழுவதும் ஆலை எழுந்தது. ஆனால் அந்தச் சீமையில் ஒரு பருத்திச் செடி விளையாது. அத்தனை பஞ்சும் கப்பலில் வர வேண்டும். மேற்கிந்தியத் தீவு, பிரேசில், துருக்கி என்று எங்கெங்கிருந்தோ வாங்கிப் பார்த்தார்கள். பசி அடங்கவில்லை.

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் அப்போது இரண்டு பருத்தி இருந்தது. ஒன்று கடலோரத் தீவுகளில் விளைந்த கறுப்பு விதைப் பருத்தி. இழை நீளம், பட்டு மாதிரி; கொட்டை வழுவழுப்பாக இருப்பதால் இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் பஞ்சு தனியே வந்துவிடும். அந்த மாதிரி உருளைக் கருவியை நம் நாட்டுப் பெண்கள் வெகு காலமாகச் சுற்றிவந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பருத்தி கரையை விட்டு உள்ளே போனால் விளையாது. மற்றொன்று பச்சை விதைப் பருத்தி. மேட்டு நிலத்தில் எங்கே போட்டாலும் வரும். ஆனால் பஞ்சு கொட்டையை விட்டு வர மறுக்கும்.

1793-ல் எலி விட்னி என்ற வாலிபர் ஜார்ஜியாவில் ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருந்தபோது இதற்கு வழி செய்தார். ஓர் உருளையில் வளைந்த கம்பிப் பற்களைப் பதித்தார். எதிரே குறுகிய இடைவெளி விட்ட தடுப்பு. உருளை சுற்றும்போது பல் பஞ்சைப் பற்றி இடைவெளி வழியே இழுத்துவிடும். கொட்டை நுழைய முடியாமல் கீழே விழும். பல்லில் ஒட்டிய பஞ்சை ஒரு பிரஷ் தட்டிவிடும். அவ்வளவுதான் சமாசாரம். ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் என்றிருந்தது ஐம்பது ராத்தல் என்று ஆயிற்று. இன்றைக்கும் ஜின்னிங் பேக்டரியில் ரம்பப்பல் யந்திரம் ஓடுகிறது என்றால் அது இந்த வம்சத்துப் பிள்ளைதான். பாவம், விட்னிக்குப் பெரிய காசு வரவில்லை. 1794-ல் காப்புரிமை கிடைத்தாலும், அதற்குள் ஊருக்கு ஊர் தச்சனும் கொல்லனும் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டார்கள். கடைசியில் அவர் பிழைத்தது துப்பாக்கி செய்து கொடுத்து.

ஓர் யந்திரம் வந்து ஒரு வேலையைச் சுலபமாக்கினால், வேலை செய்கிறவன் பாடு குறையும் என்று நாம் நினைப்போம். அங்கே நடந்தது தலைகீழ். கொட்டை நீக்குவது சுலபமானது. ஆனால் உழுவதும் களையெடுப்பதும் பருத்தி எடுப்பதும் கைவேலையாகவே இருந்தது. பருத்தி எடுக்கிற யந்திரம் அங்கே பரவலாகக் காட்டில் இறங்கியது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான். ஆக, யந்திரத்துக்குத் தீனி போட நிலம் வேண்டும், கை வேண்டும். நிலத்துக்கு என்ன செய்தார்கள்? செவ்விந்தியக் குடிகளை அவர்களுடைய பூர்வீக பூமியிலிருந்து கிளப்பினார்கள். 1830-ல் அதற்கென்றே ஒரு சட்டம். 1838-ல் செரோக்கி மக்களைப் பட்டாளம் வைத்து மேற்கே நடத்திக் கூட்டிப்போனார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். காலியான பூமியில் பருத்தி விதைத்தார்கள்.

கைக்கு அடிமைகள். 1790-ல் அந்த நாட்டுக் கணக்கெடுப்பில் அடிமைகள் 7 லட்சம் பேர். 1860-ல் ஏறக்குறைய 40 லட்சம். 1808-லேயே ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாகக் கொண்டுவரத் தடை வந்துவிட்டது. அதனால் புகையிலை விளைந்து ஓய்ந்த வர்ஜீனியா, மேரிலாந்துப் பக்கத்திலிருந்து, அங்கேயே பிறந்த மக்களை வாங்கித் தெற்கே விற்றார்கள். இப்படி இடம் மாற்றப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளை இன்னொரு பக்கம். பொழுது சாய்ந்ததும் கூடைகளைத் தராசில் வைப்பார்கள். ஆளுக்கு இத்தனை ராத்தல் என்று கணக்கு உண்டு, குறைந்தால் சாட்டை. பருத்தி எடுக்கிறவர்களுக்குத் தெரியும், முள் மாதிரியான காய் ஓட்டின் முனை விரல் நுனியைக் கீறுவது எப்படி இருக்கும் என்று. சாட்டைக்குப் பயந்து அந்த வேலையைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். இந்த அக்கிரமத்தின் மேல்தான் 1790-ல் 3 ஆயிரம் பேல் என்றிருந்த அமெரிக்கப் பஞ்சு 1860-ல் 40 லட்சம் பேலாக வளர்ந்தது. பேல் ஒன்று சுமார் 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதையும் சும்மா இருக்கவில்லை. மெக்சிகோ நாட்டு விதை 1806 வாக்கில் மிசிசிப்பிப் பக்கம் வந்து சேர்ந்தது. அங்கே ஒரு கதை சொல்லுவார்கள். விதையை வெளியே விடமாட்டோம் என்று மெக்சிகோ அதிகாரி மறுத்தாராம். "பொம்மை வாங்கிப் போகலாமா?" என்று வந்தவர் கேட்டாராம். "தாராளமாக" என்றாராம். பொம்மை வயிற்றுக்குள் பூராவும் பருத்தி விதை! கதை நிஜமோ இல்லையோ, விதை நிஜம். காய் பெரிதாக, அகல விரிந்து, கைக்குச் சுலபமாகப் பஞ்சைக் கொடுத்தது. அதிலிருந்து தேர்ந்த ரகங்கள் தெற்கு முழுவதும் பரவின.

இப்படி விளைந்த பஞ்சில் பெரும்பங்கு இங்கிலாந்தில் லிவர்ப்பூல் துறைமுகத்தில் போய் இறங்கும். அங்கே தரகர்கள் ஒரு கொத்துப் பஞ்சை இரு கை விரலிலும் பற்றி இழுத்து, இழை எத்தனை நீளம், எத்தனை பலம், தூசி எவ்வளவு என்று பார்த்து விலை சொல்வார்கள். அவர்கள் சொல்கிற விலைதான் எல்லாத் துறைமுகத்துக்கும் அளவுகோல். விளைவித்தவன் அந்தப் பக்கமே இல்லை. 1860 வாக்கில் இங்கிலாந்து வாங்கிய பஞ்சில் ஐந்தில் நாலு பங்கு அமெரிக்காவுடையது. நம்முடையது மிச்சத்தில் ஒரு பகுதி. நம் நாட்டு ரகங்களின் இழை குட்டை. அவர்களுடைய வேகமான யந்திரத்தில் அடிக்கடி அறுந்தது. அதோடு தூசி, இலைச் சருகு, கொட்டைத் துண்டு வேறு. அதனால் அமெரிக்கப் பஞ்சு மலிந்தால் நம்மைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அங்கே தட்டினால் நம்மிடம் ஓடி வருவார்கள்.

ஒரே கடையை நம்பி இருக்கலாமா என்ற பயம் அவர்களுக்கு முன்பே உண்டு. அதனால் கிழக்கிந்தியக் கம்பெனி 1840-ல் அமெரிக்கத் தெற்கிலிருந்து பத்துப் பண்ணைக்காரர்களைச் சம்பளம் கொடுத்து இங்கே வரவழைத்தது. விதை வந்தது, ஏர் வந்தது, ரம்பப்பல் யந்திரமும் வந்தது. நம்ம கோயமுத்தூர் வட்டாரத்தில் இந்தச் சோதனைப் பண்ணைகளை 1842 முதல் 1853 வரை மேற்பார்த்தவர் டாக்டர் ராபர்ட் வைட். தென்னிந்தியச் செடிகொடிகளைப் படம் எழுதிப் பதிவு செய்த அதே வைட்தான். அவர் அக்கறையாகத்தான் பாடுபட்டார். ஆனாலும் அமெரிக்கப் பருத்தி அப்போது நம் குடியானவர் காட்டில் வேர்பிடிக்கவில்லை. பம்பாய் மாகாணத்தில் தார்வார் பக்கம் மட்டும் ஓரளவு நிலைத்தது.

வெள்ளைக்காரர்களில் பலர் இதற்குச் சொன்ன காரணம், இந்திய விவசாயி சோம்பேறி, பழமையை விடமாட்டான் என்பது. என் அபிப்பிராயம் வேறு. குடியானவன் கணக்குப் போட்டான். நாட்டுப் பருத்தி ஆழ வேர்விட்டு, மானாவாரிக் கரிசலில் மழை தப்பினாலும் ஏதோ கொடுக்கும். சீமைப் பருத்தி மழை முன்பின் ஆனால் காய் உதிர்க்கும். சரி, கஷ்டப்பட்டு நல்ல பஞ்சு விளைவித்தாலும், ஊருக்கு வரும் வியாபாரி நல்லதையும் கெட்டதையும் ஒரே அம்பாரத்தில் கொட்டி ஒரே விலைதான் கொடுப்பான். சுத்தமாக எடுத்தவனுக்குக் கூடுதல் ஓர் அணா இல்லை என்றால் எவன் சுத்தமாக எடுப்பான்? வயலிலிருந்து கப்பல் வரை நாலு கை மாறும். ஒவ்வொரு கையும் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் மண், கொஞ்சம் கொட்டை சேர்க்கும். பம்பாயில் 1863-ல் கலப்படத்தைத் தடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இந்த நிலைமையில்தான் 1861 ஏப்ரலில் அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டன. அடிமை முறைதான் சண்டையின் வேர். வடக்கு அரசாங்கம் தெற்குத் துறைமுகங்களைக் கப்பல் நிறுத்தி அடைத்தது. தெற்குக்காரர்களும், "பஞ்சு இல்லாவிட்டால் இங்கிலாந்து நம் காலில் விழும்" என்று ஏற்றுமதியை நிறுத்திப் பார்த்தார்கள். லங்காஷயரில் ஆலைகள் மூடின. 1862 கடைசியில் அங்கே சுமார் 5 லட்சம் பேர் நிவாரணக் கஞ்சியில் உயிர் வைத்திருந்தார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலை போன மான்செஸ்டர் தொழிலாளிகள் கூட்டம் போட்டு, அடிமைகளுக்கு விடுதலை வேண்டும், லிங்கனுக்கே எங்கள் ஆதரவு என்று அவருக்குக் கடிதம் அனுப்பினார்கள். லிங்கன் 1863 ஜனவரியில் நன்றி சொல்லிப் பதில் எழுதினார்.

லிவர்ப்பூல் விலை 1864-க்குள் யுத்தத்துக்கு முந்தியதைப் போல் நாலு மடங்கு ஆயிற்று. இப்போது நம் குட்டை இழையும் வேண்டியதாயிற்று. பம்பாய் வழியாகப் போகும் பஞ்சுக்கு "சூரத்" என்று அங்கே பொதுப் பெயர். அதை நூற்கப் பட்ட பாட்டில், கோயிலில் ஒருவர் "ஆண்டவரே, பஞ்சு அனுப்பும்" என்று ஜெபம் செய்ய, பின்னாலிருந்து ஒரு தொழிலாளி "சூரத் வேண்டாம்" என்று சேர்த்துக்கொண்டதாக ஒரு வேடிக்கைக் கதை உண்டு. வேண்டாம் என்றாலும் வாங்கினார்கள். 1860-க்கும் 1866-க்கும் நடுவில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து போன பஞ்சு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனது. பேராரிலும் குஜராத்திலும் நம் திருநெல்வேலிச் சீமைக் கரிசலிலும் பருத்திப் பரப்பு விரிந்தது. தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல் தள்ளித்தான் நிற்கும். பேல் பேலாகத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்த்தார்கள்.

பம்பாயில் பணம் கொட்டியது. மெத்தை தலையணையைக் கிழித்துப் பழம் பஞ்சையும் விற்றார்கள் என்று சொல்வார்கள். வந்த பணத்தை வைத்துக் கம்பெனிகள் முளைத்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கப்போகிறோம் என்று கிளம்பிய ஒரு கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 ரூபாய் வரை ஏறியது. அத்தனை சூதாட்டத்துக்கும் நடுநாயகம் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தித் தரகர்.

எகிப்திலும் இதே ஆட்டம். ஜுமேல் என்ற பிரெஞ்சுக்காரர் 1820 வாக்கில் கெய்ரோவில் ஒரு தோட்டத்துச் செடியிலிருந்து பெருக்கிய நீள இழைப் பருத்தி அவர்களிடம் இருந்தது. யுத்தத்தில் நைல் நதிக்கரை எல்லாம் பருத்தி ஆயிற்று. அந்த வருமானம் நிலைக்கும் என்று நம்பி மன்னர் இஸ்மாயில் கடன் மேல் கடன் வாங்கினார். 1875-ல் சூயஸ் கால்வாய்ப் பங்கை இங்கிலாந்துக்கு விற்றார்; 1882-ல் நாட்டையே இங்கிலாந்துப் பட்டாளம் பிடித்துக்கொண்டது.

1865 ஏப்ரல் 9-ந் தேதி தெற்குப் படைத் தளபதி லீ சரணடைந்தார். சேதி பம்பாய் வந்து சேர்ந்ததும் பஞ்சு விலை சரிந்தது. 1865 ஜூலை முதல் தேதி பங்கு பேரங்களுக்குக் கெடு. அன்று கொடுக்கப் பணம் இல்லாமல் பெரிய பெரிய புள்ளிகள் எல்லாம் கவிழ்ந்தார்கள். பாங்க் ஆப் பம்பாய் படிப்படியாக முழுகி 1868-ல் கலைக்கப்பட்டது. ராய்சந்தும் விழுந்தார், ஆனாலும் அவர் கொடுத்த பணத்தில் எழும்பிய ராஜாபாய் கோபுரம், அவர் தாயார் பெயரில், பம்பாய் சர்வகலாசாலையில் இன்றைக்கும் நிற்கிறது.

விழுந்த வியாபாரிகளுக்குப் பெயர் இருக்கிறது, கோபுரமும் இருக்கிறது. குடியானவனுக்கு என்ன ஆயிற்று? விலை ஏறியபோது லாபத்தின் பெரும்பகுதி தரகன் கையிலும் முன்பணம் கொடுத்தவன் கையிலும் தங்கிவிட்டது. கொஞ்ச நஞ்சம் வந்தவர்கள் காளை வாங்கினார்கள், கல்யாணம் செய்தார்கள், கிணறு வெட்டினார்கள். நாலு காசு புழங்குவதைப் பார்த்துக் கடன் கொடுக்கவும் ஆள் வந்தார்கள். விலை இறங்கியபோது கடன் பத்திரம் இறங்கவில்லை. புனா, அகமத்நகர் ஜில்லாக்களில் பருத்தி பிரதானம் இல்லை என்றாலும், அந்தச் செழிப்புக் காலத்தின் உயர்ந்த விலையும் கூலியும் அங்கும் எட்டியிருந்தன. அது அடங்குகிற நேரம் பார்த்துப் புது செட்டில்மெண்டில் நிலவரியை உயர்த்தினார்கள். 1875 மே மாதம் சூபா என்ற சந்தை ஊரில் ஆரம்பித்து, குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக லேவாதேவிக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் கேட்டது நகையை அல்ல, பத்திரத்தை. கொடுத்ததை நடுத்தெருவில் போட்டு எரித்தார்கள். கொடுக்காத இடத்தில்தான் பெரும்பாலும் அடிதடி. அரசாங்கம் விசாரணைக் கமிஷன் போட்டு, 1879-ல் கடன்பட்ட விவசாயிகளுக்கு ஒரு நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் விடுதலையான கறுப்பு மக்களுக்கு நிலம் கொடுக்கவில்லை. பழைய எஜமானன் நிலத்திலேயே வாரத்துக்கு உழுதார்கள். விதை, சோளமாவு, துணி எல்லாம் கடையில் கடன். விளையப்போகிற பருத்தியே அடமானம். கடைக்காரன் பருத்தி போடு என்றால் பருத்திதான் போட வேண்டும். சங்கிலி போய்க் கணக்குப் புத்தகம் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் பஞ்சு பழையபடி லிவர்ப்பூலை நிறைத்தது. 1866-ல் அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி நிலையாக வேலை செய்யத் தொடங்கியதால், அன்றன்றைய விலை அன்றன்றே இரண்டு கரைக்கும் தெரிந்தது. ஊர்க் களத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் கடைசியில்தான் தெரியும்.

நம் குட்டை இழைக்கு வேறு வாசல் திறந்தது. பம்பாயில் 1850-களில் ஆரம்பித்த நம்மவர் ஆலைகள் பெருகின. ஜப்பான்காரர்கள் தடித்த நூலுக்கு நம் பஞ்சே போதும் என்று வாங்கினார்கள். 1893-ல் பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் நேர்க் கப்பலே ஓடியது.

நீள இழை? கம்பெனியும் மான்செஸ்டரும் அவ்வளவு செலவழித்தும் வராதது, 1904-05-ல் கம்போடியா நாட்டிலிருந்து வந்த ஒரு விதையில் வந்தது. தென் ஜில்லாக்களில் போட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்து கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிணற்றுப் பாசனத் தோட்டங்களுக்கு வேகமாகப் பரவியது. இந்தத் தடவை யாரும் குடியானவனைச் சோம்பேறி என்று திட்ட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் இருந்தது, விளைச்சல் இருந்தது, பக்கத்திலேயே ஆலை இருந்தது. நல்ல பஞ்சுக்குத் தனி விலை கொடுக்க ஆள் இருந்தது. கம்போடியா என்று பேர் இருந்தாலும் அதுவும் அந்த மெக்சிகோப் பக்கத்துப் பச்சை விதைப் பருத்தி இனம்தான். கடல் கடந்து, ஊர் சுற்றி, வேறு பேரில் வந்து சேர்ந்தது.

கோயமுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் 1968-ல் வெளியிட்ட எம்.சி.யு. 5 ரகத்தை உங்களில் மூத்தவர்கள் விதைத்திருப்பீர்கள். அந்த மூன்று எழுத்து என்ன என்று கேட்டதுண்டா? எம். என்றால் மெட்ராஸ். சி. என்றால் கம்போடியா. யு. என்றால் உகாண்டா, அந்த ஆப்பிரிக்க நாட்டுக்கும் 1903 வாக்கில் அமெரிக்க இன விதைதான் வெள்ளைக்காரர்கள் கையால் போனது. வீட்டில் பழைய விதைப் பை எங்காவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள், எழுத்து இருக்கும்.